மௌனம் எப்போது சம்மதம்? லாக்கின் 119-ஆம் பத்தி

கடைசிபெஞ்ச்:
17-ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக்கின் அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையில் 95-ஆம் பத்தி, தன் சம்மதம் இல்லாமல் யாரும் இன்னொருவரின் அரசியல் அதிகாரத்துக்குள் வர முடியாது என்கிறது. 119-க்கு வந்தால் கதை மாறுகிறது. நாட்டில் நிலம் வைத்திருந்தாலும், ஒரு வாரம் தங்கினாலும், ஏன், நெடுஞ்சாலையில் நடந்து போனாலே மறைமுகமாகச் சம்மதித்த கணக்காம். சுற்றுலா வந்தவரும் குடிமகனும் ஒன்றா? சம்மதிக்காமல் இருக்க ஒருவர் என்னதான் செய்வது? முதுகலைக் கட்டுரைக்காகக் கேட்கிறேன். 'லாக் முரண்படுகிறார்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாமா?

ஏட்டுச்சுவடி:
முடிக்காதீர்கள், மதிப்பெண் போகும். 119-லேயே நின்றுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. 122 வரை ஒரே மூச்சில் படியுங்கள். சட்டத்துக்கு அடங்கி அமைதியாக வாழ்வதால் மட்டும் ஒருவர் அந்தச் சமூகத்தின் உறுப்பினர் ஆவதில்லை, வாழ்நாள் முழுக்கத் தங்கிய வெளிநாட்டாரும் அப்படித்தான் என்று அங்கே லாக்கே சொல்லிவிடுகிறார். ஆக மறைமுகச் சம்மதம் இருக்கும்வரை அடங்கி நடக்கும் கடமையைத் தருகிறது, உறுப்பினர் நிலையைத் தருவதில்லை. 121-இன்படி நிலத்தை விற்றோ கொடுத்தோ கைகழுவிவிட்டால் அந்தக் கடமையும் தீர்ந்தது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். வெளிப்படையாக வாக்குக் கொடுத்தவருக்குத்தான் அந்த விடுதலை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிறந்த மண்ணிலேயே வாழ்ந்து, எந்த உறுதிமொழியும் எடுக்காதவர் யார்? லாக்கின் கணக்குப்படி அவர் நீண்ட நாள் தங்கிய விருந்தாளி. இன்றைக்கு முறையாகச் சம்மதித்தவர் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியவர், உறுதிமொழி எடுத்துக் குடியுரிமை வாங்கிய புலம்பெயர்ந்தவர்தான்! கட்டுரையை இந்த ஓட்டையிலிருந்து தொடங்குங்கள்.

நடுப்பக்கம்:
மௌனம் சம்மதம் என்று நாம் சொல்வது சில நேரம் உண்மைதான். சங்கப் பொதுக்குழுவில் தலைவர் எழுந்து, "அடுத்த கூட்டம் வியாழனுக்குப் பதில் வெள்ளி. ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கிறார். யாரும் வாய் திறக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. இங்கே மௌனத்துக்கு ஏன் மதிப்பு? கேட்டது எல்லோருக்கும் தெரியும். மறுக்க அவகாசம் இருந்தது, அது எப்போது முடிந்தது என்பதும் தெரிந்தது. கை தூக்கினால் போதும், தூக்கியவருக்குப் பெரிய நஷ்டமும் இல்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சிம்மன்ஸ் 1979-இல் வரிசைப்படுத்திய நிபந்தனைகள் கிட்டத்தட்ட இவையே.

இவற்றை அரசின்மேல் வைத்துப் பாருங்கள். யார் கேட்டார்கள், எப்போது? மறுக்கும் வழி நாட்டைவிட்டுப் போவது மட்டும் என்றால், ஸ்காட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1748-லேயே பதில் சொல்லிவிட்டார்: தூக்கத்தில் கப்பலில் ஏற்றப்பட்டவன் கடலில் குதித்துச் சாகாததால், கப்பல் தலைவனின் அதிகாரத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்பதுபோல. லாக் காலத்தில் 'யாருக்கும் சொந்தமில்லாத இடம்' என்று ஒரு பேச்சாவது இருந்தது (அங்கே வாழ்ந்த மக்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்பது தனி வழக்கு). இன்று ஒரு நாட்டிலிருந்து வெளியேறினால் இன்னொரு நாட்டுக்குள்தான் நுழைய வேண்டும். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961 உடன்படிக்கையும், வேறு குடியுரிமை கையில் இல்லாதவர் இருக்கும் குடியுரிமையைத் துறக்க முடியாது என்பதையே பொது விதியாக வைத்திருக்கிறது. நோக்கம் நல்லதுதான், ஆனால் 'வேண்டாம்' என்று சொல்லும் கதவு அதோடு மூடிவிட்டது.

கடைசிபெஞ்ச்:
நன்றி, தெளிவாகிறது. வாக்களிப்பதைச் சம்மதமாகக் கொள்ளலாமா? அல்லது அரசு தரும் சாலை, பாதுகாப்பு எல்லாம் அனுபவிக்கிறோம், அதனால் கடமைப்பட்டவர்கள் என்று போகலாமா?

ஏட்டுச்சுவடி:
வாக்கு உதவாது. போடாதவரையும் அதே சட்டம் கட்டுகிறது. 2013 முதல் நம் வாக்கு இயந்திரத்தில் நோட்டா இருக்கிறது, ஆனால் அது வேட்பாளர்களை மறுக்கும் பொத்தான், அரசை மறுக்கும் பொத்தான் இல்லை. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டாவே முதலில் வந்தாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் ஜெயிப்பார்.

இரண்டாவது வாதம் வேறு வகை. அதைச் சம்மதத்தோடு குழப்பாதீர்கள், கட்டுரைகள் பாதி இங்கேதான் கவிழும். சட்ட மெய்யியலாளர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1955-இல் சொன்னது: பலர் விதிக்குக் கட்டுப்பட்டு ஒரு நன்மையை உருவாக்கும்போது, அதை அனுபவிப்பவரும் தன் பங்குக்குக் கட்டுப்பட வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974-இல் இதை ஒலிபெருக்கி வைத்தே மடக்கினார். உங்கள் தெருவில் உங்களைத் தவிர 364 பேர், ஆளுக்கு ஒரு நாள் பாட்டும் செய்தியும் போடுகிறார்கள். நீங்களும் சன்னலைத் திறந்து ரசித்தீர்கள். 138 நாள் கழித்து உங்கள் முறை வருகிறது. கேட்டதற்காக ஒரு நாளைக் கொடுத்தே ஆக வேண்டுமா? தேடிப்போய் வாங்கிய நன்மை வேறு, தானாக வந்து காதில் விழுந்த நன்மை வேறு. ராணுவப் பாதுகாப்பு இரண்டாவது வகை.

மறுகரை:
ஒன்றைத் திருத்த வேண்டும். மேலே வந்த ஹியூமைப் பார்த்து அவர் அரசை மறுத்தவர் என்று எழுதிவிடாதீர்கள். கீழ்ப்படியும் கடமை உண்டு என்றுதான் அவரும் சொன்னார், அரசில்லாமல் சமூகம் நிலைக்காது என்பதே அவருக்குப் போதுமான காரணம், சம்மதம் தேவைப்படவில்லை. அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸும் 1971-இல், குடிமக்கள் எல்லோருக்கும் பொதுவான அரசியல் கடப்பாட்டைக் கைவிட்டு, நியாயமான அமைப்புகளைத் தாங்கும் இயல்பான கடமைக்கு (சம்மதிக்காமலே எல்லோருக்கும் இருக்கும் கடமை) நகர்ந்தார். அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. நார்வே அரசும் நியாயமானதுதான், நான் ஏன் என் நாட்டுக்கு மட்டும் வரி கட்டுகிறேன்? 'குறிப்பான அரசு' என்ற இந்தக் கேள்விக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். லாக்கின் விருந்தாளி மறுபடி இங்கேதான் வந்து நிற்பார்.