சேலம் மாவட்டப் பதிவுகளில் கொள்ளுத்தாத்தாவுக்கு முந்தைய தலைமுறையைத் தேடுவது எப்படி?

வேர்தேடி:

அனைவருக்கும் வணக்கம். அப்பா வழி பூர்வீகம் தாரமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். கையில் இருப்பவை: தாத்தா பெயரில் யுடிஆர் (நிலப் பதிவேடு புதுப்பிப்புத் திட்டம்) பட்டா, 1952-ம் வருஷக் கிரயப் பத்திரத்தின் நகல், பெயர் சரியாகத் தெரியாத ஒரு பழைய கையெழுத்துக் காகிதம். கொள்ளுத்தாத்தா பெயர் வரை தெரியும், அதற்கு மேல் தெரியாது. கிராமத்தில் பழைய கணக்கு எதுவும் இல்லை என்கிறார்கள்.

பாட்டியின் தாய் வழி ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலைக்காரர்கள், கத்தோலிக்கர்கள். அவர்களுக்கு நிலமே கிடையாது. கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா ஒருவர் "நெட்டாலுக்குப் (தென்னாப்பிரிக்கா) போனார்" என்று வீட்டில் சொல்வார்கள். எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதிவறை:

பெயரைத் தேடுவதற்கு முன் உங்கள் கிராமம் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள். ரயத்துவாரியா (குடியானவர் நேரே சர்க்காருக்கு வரி கட்டியது), மிட்டாவா (இடையில் மிட்டாதார் இருந்தது), இனாமா (மானியமாகக் கொடுத்தது)? சேலத்தில் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் இல்லாத பதிவேட்டைக் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

ரயத்துவாரி கிராமம் என்றால் 1870-களின் தொடக்கத்தில் போட்ட செட்டில்மென்ட் (நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்த) பதிவேடு இருக்கும். முப்பது வருஷத் தவணை முடிந்து 1900-களின் தொடக்கத்தில் மறு செட்டில்மென்ட். பிறகு 1979 முதல் 1987 வரை நடந்த யுடிஆர். ஆக மூன்று படிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் புல எண், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதார் பெயர் இருக்கும்.

மிட்டா கிராமம் என்றால் கதை வேறு. 1802-க்குப் பிறகு நிரந்தர ஒப்பந்தத்தில் ஏலம் போன கிராமங்கள் இவை. அரசுக்குக் கிஸ்தி (வரித் தவணை) கட்டியவர் மிட்டாதார். குடியானவர் பெயர் மிட்டாவின் கணக்கில்தான் இருந்தது, சர்க்கார் பதிவேட்டில் இல்லை. 1948-ம் வருஷ எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு நடந்த செட்டில்மென்டில்தான் குடியானவர் பெயர் முதல்முறையாக அரசுப் பட்டாவில் ஏறும். இனாம் என்றால் 1860 வாக்கில் எழுதிய இனாம் ஃபேர் ரிஜிஸ்டரைப் பாருங்கள். அதில் இனாம்தாரின் பெயரோடு, யார் கொடுத்தது, யாருக்குப் பிறகு யார் அனுபவித்தது என்று வம்சாவழியே சில இடங்களில் கிடைக்கும்.

எங்கே கேட்பது: இப்போதைய அ-பதிவேட்டை (கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடு) இணையத்திலேயே புல எண் கொடுத்துப் பார்க்கலாம். யுடிஆர் மூலப் பதிவேடும் பழைய-புதிய புல எண் ஒப்பீட்டுப் பட்டியலும் தாலுகா அலுவலகத்தில். அதற்கு முந்தையவை கலெக்டர் அலுவலகப் பதிவறையிலும், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும். எழுத்துப்பூர்வ மனுவில் மாவட்டம், பழைய தாலுகா, கிராமப் பெயர், கிராம எண், பழைய புல எண் ஐந்தும் வேண்டும். "என் முன்னோர் பெயர் உள்ள பக்கம்" என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. பதிவேடு புல எண் வரிசையில்தான் இருக்கும், பெயர் வரிசையில் அல்ல.

பலர் தடுக்கி விழும் இடம் அலகு. யுடிஆர் ஹெக்டேர்-ஏரில் இருக்கும், பழையது ஏக்கர்-செண்டில். ஒரு ஏர் 2.47 செண்ட். 2 ஏக்கர் 40 செண்ட் நிலம் புதுப் பதிவேட்டில் 0.97.0 என்று நிற்கும். உட்பிரிவு எண் மாறியிருந்தாலும் பரப்பை வைத்துப் பொருத்திவிடலாம். பொருந்தாவிட்டால் புலப்படத்தை வாங்கி எல்லைகளை ஒப்பிடுங்கள்.

கிராமத்தில் பழைய கணக்கு இல்லாததற்குக் காரணம் உண்டு. 1980-ல் பரம்பரை மணியக்காரர், கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் கணக்கும் ஒழுங்காகக் கைமாறவில்லை. பழைய கர்ணம் குடும்பத்து வீட்டுப் பரணில் இன்னும் கட்டுகள் இருக்கலாம். மரியாதையாகப் போய்க் கேளுங்கள். படம் எடுத்துக்கொண்டு காகிதத்தை அங்கேயே விட்டு வாருங்கள்.

கிரயச்சீட்டு:

செட்டில்மென்ட் பதிவேடு பெயரைத் தரும், உறவைத் தராது. உறவுக்குச் சார்பதிவகம்தான். 1952 பத்திரம் கையில் இருக்கிறதே, அதில் "சொத்து வந்த விதம்" என்ற பகுதியை வரிவரியாகப் படியுங்கள். "என் தகப்பனாருக்கு இன்ன நம்பர் பாகப்பத்திரப்படி பாத்தியப்பட்டு" என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த எண், வருஷம், அலுவலகம் மூன்றையும் வைத்து அடுத்த நகலுக்கு மனுப் போடலாம். இப்படியே பத்திரத்திலிருந்து பத்திரத்துக்குப் பின்னால் போக வேண்டும்.

வில்லங்கச் சான்றை மட்டும் நம்பாதீர்கள். இணையத்தில் பெரும்பாலும் 1975 வாக்கிலிருந்துதான் இருக்கும். அதற்கு முன் கையால் தேடுவதுதான் வழி. சொத்துப் பத்திரங்களைப் பதியும் 1-ம் புத்தகமும் அதன் அட்டவணைகளும் கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம், பதிவுச் சட்டம் 57-ம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. முதல் அட்டவணை பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. குடும்பம் தேடுகிறவருக்குப் பெயர்வாரி அட்டவணைதான் உயிர். ஆனால் அது வருஷா வருஷம் தனித்தனி, முதலெழுத்து வரிசை. "முத்து", "சின்னமுத்து", "முத்துக்கவுண்டன்" மூன்றையும் பாருங்கள். உயில் 3-ம் புத்தகத்தில். எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யாரும் கேட்கலாம்.

எந்தப் பத்திரம் எதைச் சொல்லும்: பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் வருவார்கள். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் பெண்மக்கள் தெரிவார்கள். "மைனர், கார்டியன் தாயார்" என்று வந்தால் அந்தத் தேதிக்கு முன்பே தகப்பன் இறந்திருக்கிறார் என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம், தாயின் பெயரும் கிடைத்துவிடும். 1956 வாரிசுரிமைச் சட்டத்துக்கு முந்தைய பத்திரங்களில் பெண்கள் பெயர் மிகக் குறைவு. 1989 தமிழ்நாட்டுத் திருத்தத்துக்குப் பிறகு மகள்கள் கையெழுத்து அதிகமாகத் தெரியும்.

100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லாத காலம் அது. சிறு துண்டு நிலம் வாங்கினவர் அட்டவணையில் இல்லையென்றால் அவர் இல்லவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். இன்னொன்று: சார்பதிவக எல்லைகள் பலமுறை பிரிந்திருக்கின்றன. இன்றைய அலுவலகத்தில் கிடைக்காத பழைய புத்தகம் தாய் அலுவலகத்தில் இருக்கும்.

தலைக்கட்டு:

பிறப்பு இறப்புப் பதிவை யாரும் சொல்லவில்லையே. 1969 சட்டம் இங்கே 1970-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் 1899-ம் வருஷ மெட்ராஸ் சட்டப்படி கிராமங்களில் எழுதினார்கள். பழைய ஏடுகளைச் சார்பதிவகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் கேட்க வேண்டும், டவுன் என்றால் மாநகராட்சியில். சேலம் நகராட்சி 1866-ல் தொடங்கியது.

ஆனால் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்காது. பழைய பிறப்புப் பதிவில் பெரும்பாலும் குழந்தையின் பெயரே இருக்காது. தகப்பன் பெயர், ஆணா பெண்ணா, தேதி, ஊர், அவ்வளவுதான். எனவே தகப்பன் பெயரையும் ஐந்தாறு வருஷ இடைவெளியையும் கொடுங்கள். இறப்பில் வயது 60, 65, 70 என்று முழு எண்ணாக நின்றால் அது மதிப்பீடு. அதை வைத்துப் பிறந்த வருஷம் கணக்குப் போடாதீர்கள்.

சர்க்கார் ஏட்டைவிட நம் ஊரில் எனக்கு நம்பிக்கை தருவது இரண்டு நோட்டு: குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு (குடும்பத் தலைவர் வாரியான) வரி நோட்டு, கல்யாண மொய் நோட்டு. வரி நோட்டில் பங்காளிகள் தலைக்கட்டு வாரியாக வருவார்கள். ஒரு வருஷம் தகப்பன் பெயர், அடுத்த வருஷம் மகன் பெயர் என்றால் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று தெரியும். மொய் நோட்டில் ஊர்ப்பெயரோடு எழுதியிருப்பதால் பெண் கொடுத்த, எடுத்த ஊர்கள் தெரியவரும்.

வேர்தேடி:

மிக்க நன்றி. புல எண்ணை வைத்துக் கேட்டதில் எங்கள் கிராமம் மிட்டாவாக இருந்தது என்று தெரிந்தது. அந்தக் கையெழுத்துக் காகிதத்தில் "நந்தன ௵ தை ௴" என்று இருக்கிறது, கீழே ௲௩௱௨ பசலி. வீட்டில் 1953 என்கிறார்கள். சரியா?

பதிவறை:

இல்லை, 1893. ௵ என்பது வருஷம், ௴ என்பது மாதம். தமிழ் வருஷம் 60 வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். நந்தன 1892-93-லும் உண்டு, 1952-53-லும் உண்டு. பசலி என்ற வரிவசூல் வருஷம்தான் தீர்ப்பு சொல்லும். பசலியோடு 590 கூட்டினால் அந்த ஜூலையில் தொடங்கும் ஆங்கில வருஷம் வரும். ௲௩௱௨ என்பது 1302, கூட்டினால் 1892 ஜூலை முதல் 1893 ஜூன் வரை. அதற்குள் வரும் தை 1893 ஜனவரி-பிப்ரவரி. 1953 ஆக இருந்திருந்தால் பசலி 1362 என்று இருக்க வேண்டும்.

மிட்டா என்பதால் உங்களுக்கு இந்தக் காகிதம் செட்டில்மென்ட் பதிவேட்டைவிடப் பெரியது. குத்தகைச் சீட்டாகவோ, மிட்டா கொடுத்த தீர்வை ரசீதாகவோ இருக்கலாம். எண்களைப் படிக்கும்போது ௧-வைக் க என்றும், ௨-ஐ உ என்றும், ௭-ஐ எ என்றும், ௮-ஐ அ என்றும் எழுத்தாகப் படித்துவிட வேண்டாம். முக்கியமாக ௸ என்ற குறியைக் கவனியுங்கள், அது "மேற்படி". பட்டியலில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ௸ இருந்தால் மேல் வரியில் உள்ளவரே இவரும். நகல் எடுக்கும்போது மேல் வரியை வெட்டிவிட்டால் பெயர் போய்விடும், எப்போதும் முழுப் பக்கமாகக் கேளுங்கள்.

1890-களுக்குப் பின்னால் போகும்போது தாது வருஷப் பஞ்சத்தை மனதில் வையுங்கள். 1876-78-ல் சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது, 1881 கணக்கெடுப்பில் ஜனத்தொகையே குறைந்திருந்தது. பல கிராமங்களில் பட்டாதார் பெயர்கள் மொத்தமாக மாறும். அங்கே தொடர்ச்சி அறுந்தால் பெயரை இழுத்து ஒட்ட வைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் ஒன்று: நாமக்கல் தாலுகா 1910 முதல் 1929 வரை திருச்சி ஜில்லாவில் இருந்தது. திருப்பத்தூர் 1911-ல் வடஆற்காட்டுக்குப் போனது. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கமெல்லாம் 1965 வரை சேலம்தான். பதிவு எழுதப்பட்ட வருஷத்தில் ஊர் எந்த ஜில்லாவோ, அந்த ஜில்லாக் கட்டில்தான் தேட வேண்டும்.

சேர்வராயன் அடிவாரம்:

ஏற்காட்டுப் பகுதிக்கு நான் சொல்கிறேன். நிலம் இல்லாதவர்களுக்கு அ-பதிவேட்டில் இடமில்லை. எஸ்டேட் நிலம் துரைமார் பெயரிலேயே இருக்கும். அங்கே உங்களுக்கு வேண்டியது மூன்று.

முதலாவது பங்குக் கோயிலின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள். இவை பழைய காலத்தில் லத்தீனில் எழுதப்பட்டவை. "ஃபிலியுஸ்" மகன், "ஃபிலியா" மகள், "பத்ரினுஸ்" ஞானத்தந்தை. ஞானப்பெற்றோர் பெரும்பாலும் நெருங்கிய உறவு, அவர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். திருமணப் பதிவில் இருவரின் சொந்தப் பங்கும் எழுதியிருக்கும். கீழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள் என்பது அங்கேதான் கிடைக்கும். சேலம் மறைமாவட்டம் 1930-ல் உருவானது. அதற்கு முந்தைய கடிதங்கள், பிரதிகளுக்குப் புதுச்சேரி, கும்பகோணம் பக்கம் கேட்க வேண்டிவரலாம். பங்குத்தந்தைக்கு முதலில் கடிதம் எழுதுங்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் போய் நின்று கேட்டால் அவருக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது எஸ்டேட்டின் செக்ரோல், அதாவது ஆட்களின் வருகைப் பதிவேடு. ஆளின் பெயர், ஆள் திரட்டி வந்த மேஸ்திரி பெயர், பேர் போட்ட (வேலைக்கு வந்த) நாட்கள் இருக்கும். ஒரே மேஸ்திரியின் கீழ் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்ப் பக்கத்தவர்கள் என்பதால், உங்கள் ஆளின் ஊர் தெரியாவிட்டாலும் மேஸ்திரியின் ஊர் வழிகாட்டும். எஸ்டேட் கைமாறும்போது இந்த ஏடுகள்தான் முதலில் போகும், எனவே பி.எஃப். விவரங்களையும் விட வேண்டாம். மூன்றாவது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. தகப்பன் பெயரும் வீட்டு விலாசமாக எஸ்டேட் பெயரும் இருக்கும். பிறந்த தேதியை மட்டும் நம்ப வேண்டாம், வயதுக் கணக்குக்குத் தலைமையாசிரியர் போட்ட தேதியாக இருக்கலாம்.

குடும்பம் மலையாளிப் பழங்குடியாக இருந்திருந்தால் இந்த வழி எதுவும் சரிவராது. அங்கே சேலநாடு, முட்டுநாடு, மொகநாடு என்ற நாட்டு அமைப்பில் ஊர்க்கவுண்டரிடமும் மூப்பரிடமும் வாய்மொழியாகக் கேட்பதே முறை.

கடல் தாண்டி:

நெட்டால் போனவருக்கு வழி இருக்கிறது, நல்ல வழியே. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் டர்பனில் இறக்கியது முதல் 1911 வரை வந்தவர்களின் கப்பல் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம். உங்களுக்கு இதில் இரட்டைப் பலன்: அவர் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா என்றால், அவருடைய தகப்பன் பெயர்தான் உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தாத்தா பெயர். மிட்டா கிராமத்தில் கிடைக்காத தலைமுறை கப்பல் பட்டியலில் கிடைத்துவிடும். ஒன்றை மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள்: அவர் கூடப் பிறந்த பெரியப்பாவா, பங்காளி முறையில் பெரியப்பாவா? பங்காளி முறை என்றால் இந்தக் கணக்கு ஒரு தலைமுறை மேலே தள்ளிப் போகும்.

தேடும்போது பெயரைக் கடைசியில் வையுங்கள். எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது; ப, ட, க எல்லாம் இரண்டு விதமாகவும் வரும். முதலில் சேலம் ஜில்லா, பிறகு ஓமலூர் தாலுகா என்று வடிகட்டி, மிஞ்சும் கிராமப் பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஊர் காதுக்குப் பிடிபடும். காலனி எண் கிடைத்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அவருடைய கல்யாணம், பிள்ளைகள், ஊர் திரும்பிய விவரம் எல்லாவற்றிலும் அந்த எண்தான் ஓடும்.