‘மயக்கமா கீது’ன்னு ஆயா சொன்னா மாணவர் என்ன எழுதணும்? முதியோர் கவனிப்பு கற்றுத்தருவோரின் பகிர்வு

நர்சிங் ஆசிரியை, ராயபுரம்:

சென்னை அரசு பொது மருத்துவமனையில 1978-லேயே டாக்டர் வி.எஸ். நடராசன் முதியோருக்குன்னு தனி புறநோயாளிப் பிரிவு தொடங்கிட்டார். 1996-ல சென்னை மருத்துவக் கல்லூரியில முதியோர் மருத்துவத்துக்குன்னு எம்.டி. படிப்பே வந்துடுச்சு. ஆனா நம்ம பிள்ளைங்க கைக்கு வர்றப்போ அது ரெண்டு மூணு வகுப்பாச் சுருங்கிடுது. நர்சிங், பிசியோ, பயிற்சி மருத்துவர்னு கலந்து வகுப்பு எடுக்கறவங்க, எது வேலை செஞ்சுது, எங்கே சொதப்புச்சுன்னு எழுதுங்க. நோயாளி யார், எந்த வார்டுங்கறது வேண்டாம்.

பொது மருத்துவப் பயிற்றுநர்:

மயக்கத்துலேர்ந்தே ஆரம்பிக்கறேன். காசிமேட்டு ஆயா “மயக்கமா கீதுப்பா”ன்னு சொன்னதும் மாணவர் கேஸ் ஷீட்டுல ‘கிடினெஸ்’னு எழுதி, பீட்டாஹிஸ்டினோ புரோகுளோர்பெரசினோன்னு ஒரு தலைசுற்றல் மாத்திரை எழுதத் தயாராயிடுவார். நம்ம ஊர்ல மயக்கம்ங்கற ஒரே சொல் நாலு வேலை பார்க்குது. அதனால பேனாவை எடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்கச் சொல்லுங்க: ரூம் சுத்துதா? கண்ணு இருட்டிக்கிட்டு வருதா? தலை சரியாத்தான் இருக்கு, கால்தான் தள்ளுதா? இல்ல, உடம்பே அசந்து போகுதா? முதலாவது காதுப் பக்கம். ரெண்டாவது ரத்த அழுத்தம், இதயம். மூணாவது பாத உணர்ச்சி, பார்வை, சிறுமூளை. நாலாவதுக்குச் சர்க்கரை, ரத்தசோகை, காலையில சாப்பிட்டாங்களாங்கறது. புரோகுளோர்பெரசினை மாசக்கணக்குல தொடர்ந்தா வயசானவங்களுக்குக் கை நடுக்கமும் விறைப்பும் வரும். அதைப் பார்க்கின்சன்னு நினைச்சு இன்னொரு மாத்திரை சேரும்.

கண்ணு இருட்டுதுன்னா படுத்து-நின்னு பி.பி. பார்த்தே ஆகணும். 5 நிமிஷம் படுக்கவெச்சு ஒண்ணு, எழுந்து நின்ன 1-வது நிமிஷம் ஒண்ணு, 3-வது நிமிஷம் ஒண்ணு. மேல் அளவு 20, இல்ல கீழ் அளவு 10 இறங்கினா கணக்குல எடுக்கணும். கேட்டா எல்லாரும் சரியாச் சொல்லுவாங்க, செய்யறப்போதான் மூணு தப்பு வரும். கட்டில் காலி இல்லேன்னு உட்காரவெச்சே தொடங்கிடறது. நிக்கறப்போ கையைத் தொங்க விடறது. தொங்கற கையில அளவு கூடக் காட்டும், இறக்கம் மறைஞ்சுடும். முழங்கையைப் பிடிச்சு நெஞ்சு மட்டத்துக்குத் தாங்கணும். மூணாவது, ரவிக்கைக் கை மேலேயே பட்டையைச் சுத்தறது.

நாடியையும் கூடவே எண்ணச் சொல்லுங்க. பி.பி. இறங்கியும் நாடி ஏறவே இல்லைன்னா, நாள்பட்ட சர்க்கரை நரம்பைப் பாதிச்சிருக்கான்னு பாருங்க (நாடியைக் குறைக்கற பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது). நல்லா ஏறினா தண்ணி போதலை. அந்த 5 நிமிஷப் படுக்கையில மாணவர் போனை நோண்டாம, “பாத்ரூமுக்கு ராத்திரி எத்தனை வாட்டி எழுந்துக்கறீங்க?”ன்னு கேட்கட்டும். பாதி விஷயம் அதுலயே வந்துடும்.

பிசியோ, தண்டையார்பேட்டை:

டாக்டர் சொன்னதோட ‘எழுந்து நடந்து வா’ சோதனையையும் சேர்த்துக்கலாம். கை வெச்ச நாற்காலி, உட்காரும் உயரம் சுமார் 46 செ.மீ. எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரணும். 12 வினாடி, அதுக்கு மேல ஆனா விழற அபாயம். டேப் இல்லைன்னா, வராண்டாவுல 2 அடி டைல்ஸ் போட்டிருந்தா அஞ்சு டைல்ஸ் எண்ணிக்குங்க. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். அழுத்தி எழறப்போ கால் வளையும், வழுக்கும். “சீக்கிரம் நடங்க ஆயா”ன்னு சொன்னாலே சோதனை கெட்டுப்போச்சு. வழக்கமான நடை, வழக்கமான செருப்பு, கைத்தடி இருந்தா தடியோட. மாணவர் முன்னாடி நடந்தா அவங்க அந்த வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பாங்க. பக்கத்துல, அரை அடி பின்னாடி வரணும்.

வினாடியை விடத் திரும்பற இடத்தைப் பாருங்கன்னுதான் நான் சொல்வேன். ரெண்டு மூணு எட்டுல திரும்பறவங்க ஒரு ரகம். ஏழெட்டு குட்டி எட்டு வெச்சு, சுவரைத் தேடிக் கை நீட்டறவங்க 11 வினாடியில முடிச்சாலும் எனக்கு நம்பிக்கை இல்ல.

நர்சிங் ஆசிரியை, ராயபுரம்:

வயசான உடம்பைப் போட்டுப் பார்க்கற பயிற்சி யாராவது வைக்கறீங்களா? எங்க வகுப்புல அது செல்ஃபி கச்சேரியா முடிஞ்சுது.

முதியோர் நலப் பயிற்றுநர், பெரம்பூர்:

வைக்கறோம் சிஸ்டர். ஆளுக்கு 50 ரூபாய்க்குள்ள முடியும். பாதுகாப்புக் கண்ணாடியில மெல்லிசா வாசலின், காதுல பஞ்சு, கையில ரெண்டு ஜோடி கையுறை, விரல் மூட்டுல பிளாஸ்திரி, முட்டியில கிரேப் பேண்டேஜ், சாக்ஸுக்குள்ள பத்துப் பதினஞ்சு காய்ஞ்ச கொண்டைக்கடலை. 20 நிமிஷம் போதும். படிக்கட்டு கூடாது, கூட ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டே வரணும்.

சும்மா நடக்கவிட்டா சிரிப்புதான் வரும். வேலை குடுங்க. ஓ.பி. சீட்டுல இருக்கற ரூம் நம்பரைப் படிச்சு அங்கே போகணும். அட்டையிலேர்ந்து 5 மாத்திரை பிரிக்கணும், அதுல ஒண்ணை ஸ்கேல் வெச்சுப் பாதியா வெட்டணும். எதிர்ல இன்னொரு மாணவர் கவுண்டர்காரரா உட்கார்ந்து “சீக்கிரம் பெருசு, பின்னாடி ஆள் நிக்குது”ன்னு விரட்டணும். கீழே விழுந்த மாத்திரையை எண்ணி போர்டுல எழுதுங்க. முடிஞ்சதும் “எப்படி இருந்துச்சு?”ன்னு கேட்காதீங்க, ‘பாவம் சார்’னு சொல்லிட்டுக் கேன்டீனுக்குப் போயிடுவாங்க. “நாளைக்கு வார்டுல எந்த ஒண்ணை மாத்துவே?”ன்னு கேளுங்க. அரை மாத்திரையை வெட்டியே குடுக்கறேன், கவர்மேல சூரியனும் நிலாவும் பெருசா வரையறேன்னு பதில் வரும்.

மருந்தாளுநர், வியாசர்பாடி:

மாத்திரைன்னதும் நான் வந்துட்டேன். “என்ன மருந்து சாப்பிடறீங்க?”ன்னு கேட்டா “வெள்ளை மாத்திரை ஒண்ணு, ரோஸ் ஒண்ணு”ங்கற பதில்தான். கம்பெனி மாறி வெள்ளை மஞ்சளாச்சுன்னா, சிலர் நிறுத்திடுவாங்க, சிலர் ரெண்டையும் சாப்பிடுவாங்க. அதனால வீட்ல இருக்கறது எல்லாத்தையும் மஞ்சப்பையோட கொண்டுவரச் சொல்லுங்க. தைலம், லேகியம், மெடிக்கல் ஷாப்புல சீட்டு இல்லாம கலந்து வாங்கின ‘ஒரு செட்’டு மாத்திரை, பேரனோட சளி மருந்து உட்பட. பேப்பர் விரிச்சு மூணு குவியல் போடணும்: இப்போ சாப்பிடறது, நிறுத்தினது, வேற ஆளோடது. முதல் குவியல்ல ஒவ்வொண்ணையும் காட்டி “இது எதுக்கு?”ன்னு கேட்கணும்.

அடிக்கடி வெளிய வர்றது இவை:

ஆம்லோடிபின்ங்கற பி.பி. மாத்திரை ரெண்டு பெயர்ல, அரசு மருந்து ஒண்ணு, தனியார் கிளினிக் ஒண்ணு. கணுக்கால் வீங்கும், வீக்கத்துக்கு ஃப்ரூசமைடுங்கற நீர் மாத்திரை எழுதுவாங்க, ராத்திரி மூணு வாட்டி பாத்ரூம், அங்கே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு. இந்தச் சங்கிலியைப் போர்டுல வரைஞ்சு, எங்கே வெட்டணும்னு கேளுங்க.

கிளிபென்கிளமைடுங்கற சர்க்கரை மாத்திரை. அரை இட்லியோட நிறுத்திட்டு மாத்திரையை மட்டும் முழுசாப் போட்டா சர்க்கரை இறங்கும். வயசானவங்களுக்கு வேர்வை, படபடப்பு இல்லாமலேயே பேச்சுக் குழறும், ஒரு பக்கம் பலவீனம்கூட வரலாம். பக்கவாதம்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி குளுக்கோமீட்டர்.

அந்த ‘செட்’டுல பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்ங்கற வலி மாத்திரை இருக்கும். பி.பி. மாத்திரை, நீர் மாத்திரையோட அது சேர்ந்தா கிட்னி வாங்கிக் கட்டிக்கும். சளி மாத்திரையில இருக்கற குளோர்ஃபெனிரமின் தாத்தாவுக்கு மூத்திரம் அடைக்கும், புத்தி தடுமாறவும் வைக்கும்.

இன்சுலின் போடறவங்கன்னா பாட்டிலையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பாருங்க. சிவப்பு மூடி சிரிஞ்சு மி.லி.க்கு 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு. 40 சிரிஞ்சுல ‘20’ கோடு வரைக்கும் 100 இன்சுலினை இழுத்தா உள்ளே போறது 50 யூனிட். மாணவரைக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் மறக்கவே மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. பையைப் பார்த்த உற்சாகத்துல மாணவர் நாலு மாத்திரையை ஒரே நாள்ல நிறுத்தச் சொல்லுவார். வருஷக்கணக்கா சாப்பிட்ட அல்ப்ரசோலம்ங்கற பதற்றத்துக்கான மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். அட்டெனலால் மாதிரி பீட்டா பிளாக்கரும் அப்படித்தான், இதயம் பதில் சொல்லும். ஒரு தடவைக்கு ஒண்ணு, அதுவும் படிப்படியா, மருத்துவர் சொன்ன பிறகு.

இரவுப் பணி சிஸ்டர்:

கத்தற தாத்தாவை எல்லாரும் கவனிப்பாங்க. சுருண்டு படுத்திருக்கற ஆயாவை ‘நல்லாத் தூங்கறாங்க’ன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டுப் போயிடுவாங்க. ரெண்டும் ஒரே திடீர்க் குழப்பம்தான், ரெண்டாவதுதான் தவறிப்போகும். துணைக்கு இருக்கற மகள்கிட்ட ஒரே கேள்வி: “முந்தாநாள் வரைக்கும் இப்படித்தான் இருந்தாங்களா?” அப்புறம் மாசத்தைப் பின்னாலேர்ந்து சொல்லச் சொல்லணும். இங்கிலீஷ் மாசம் கேட்டுப் பள்ளிக்கூடம் போகாதவங்களை ஃபெயிலாக்காதீங்க. பங்குனி, மாசி, தை போதும். அதுவும் வராதவங்ககிட்ட கிழமையைப் பின்னாலேர்ந்து கேளுங்க, ஆனா அதுக்கு அதே மதிப்பெண் போடாதீங்க. குழப்பம்னு தெரிஞ்சா, அமைதிப்படுத்த ஊசி கேட்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க: சர்க்கரை, ஆக்சிஜன், அடிவயிறு உப்பி மூத்திரம் நிக்குதா, வெளிக்குப் போய் எத்தனை நாள், மூக்குக்கண்ணாடி எங்கே. கட்டிலோட கையைக் கட்டினா குழப்பம் கூடும். காது கேட்காதவங்ககிட்ட கீச்சுனு கத்தக் கூடாது. மாஸ்க்கை இறக்கி, முகம் பார்த்து, குரலைத் தணிச்சு, நிதானமா.

சமூக மருத்துவம், வீட்டுப் பார்வை பொறுப்பு:

மாணவர் அறிக்கையில ‘வாசப்படியை அகற்றவும்’னு எழுதுவாங்க. ஹவுசிங் போர்டு வீட்ல, அதுவும் வாடகைக்கு இருக்கற குடும்பம் எதை அகற்றும்? எழுதறதுன்னா செய்யக்கூடியதை எழுதுங்க. படி விளிம்புல மஞ்சள் பெயின்ட் கோடு. பழைய புடவை மிதியடியை எடுத்துட்டு ரப்பர் அடியுள்ள மிதியடி. தண்ணிக் குடத்தைத் தரையிலேர்ந்து இடுப்பு உயர ஸ்டாண்டுக்கு. ராத்திரி பாத்ரூம் வழியில ஒரு ஜீரோ வாட் பல்பு. குந்த முடியாதவங்களுக்கு கமோடு நாற்காலி, நாலு காலுக்கும் ரப்பர் புஷ் இருக்கான்னு தொட்டுப் பார்க்கணும்.

நர்சிங் ஆசிரியை, ராயபுரம்:

அந்த வீட்டுப் பார்வையில பெரியவங்க உடம்புல அடிபட்ட காயம் கண்ணுல பட்டா? பிள்ளைங்க அங்கேயே மகன்கிட்ட கேட்டுடறாங்க.

சமூக மருத்துவம், வீட்டுப் பார்வை பொறுப்பு:

கேட்கவே கூடாது, நாம கிளம்பின பிறகு அந்த அடி பெரியவங்க மேலதான் விழும். முழங்கை கீழே, முன்னங்கால்ல இருக்கற நீலம் இடிச்சதாவும் இருக்கலாம், ஆஸ்பிரின்னாலயும் இருக்கலாம். மேல்கையோட உள்பக்கம், கழுத்து, மணிக்கட்டைச் சுத்தி வளையமா இருந்தா யோசிக்கணும். “பி.பி. பார்க்கணும், கொஞ்சம் வெளிய இருங்க”ன்னு சொல்லித் தனியாப் பேசுங்க. “வீட்ல யாரைப் பார்த்தாச்சும் பயமா இருக்கா?”ங்கற ஒரு கேள்வி போதும். அவங்க சொன்னதை அவங்க வார்த்தையிலேயே எழுதி, அன்னைக்கே பொறுப்பு ஆசிரியர்கிட்ட குடுங்க. முதியோர் உதவி எண் 14567. காலை 8 மணியிலேர்ந்து ராத்திரி 8 மணி வரைக்கும். அந்த எண்ணை மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி எழுதிக் குடுத்துட்டு வாங்க. தனிக் காகிதம்னா யாராவது எடுத்துப் படிப்பாங்க.