புதுப்பிப்பு: 3 மி.மீ. வெட்சூட் வாங்கவில்லை

சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடலில் நீந்த 3 மி.மீ. தடிமனுள்ள முழு வெட்சூட் (குளிர் நீரில் உடல் சூட்டைக் காக்கும் இறுக்கமான நீச்சல் உடை) வாங்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன் இல்லையா, நண்பரிடம் இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேண்டாம்! நம் கடல் வருடம் முழுக்க 27 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை, அதில் அந்த நியோபிரீன் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நீந்தியதும் உள்ளே இட்லிச் சட்டி மாதிரி ஆகிவிட்டது, கழுத்துப் பட்டை உரசி வலப்பக்கம் சிவந்த கோடு வேறு (வாசலின் தடவ மறந்தது என் தப்புதான்).

அப்புறம் முழுக்கை லைக்ரா சட்டையும் நீளக் காற்சட்டையும் வாங்கினேன். வெயிலுக்கும் சொறிமுட்டைக்கும் (ஜெல்லிமீன்) இதுவே போதும், ஆனால் வெட்சூட் மாதிரி மிதக்க உதவாது. உலக நீர் விளையாட்டு அமைப்பின் திறந்தவெளி நீச்சல் போட்டிகளில் 20 டிகிரிக்கு மேல் வெட்சூட்டுக்கு அனுமதியே இல்லையாம். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் குளிர்காலத்தில் நீந்தப் போனால் வெட்சூட் வாங்குவதைப் பற்றிப் பார்க்கலாம்.