சூப்பர்மேனுக்குக் காக்கிச் சட்டை: மூட்டுல பெயிண்ட் உரியுது, வார்னிஷ் வெளுத்துப் போச்சு

மலைப்பாதை டிரைவர்:
வணக்கங்க. சேலம்–ஏற்காடு பஸ் ஓட்டுறேன். பையன் ரெண்டாவது படிக்கிறான். போன மாசம் என் வண்டியில முன் சீட்டுல உக்காந்து, 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கிட்டே மேல வந்தான். வீட்டுக்கு வந்ததும் அவனோட 6 அங்குல சூப்பர்மேன் பொம்மையக் கையில குடுத்து, "இவனுக்கும் உன்ன மாதிரி காக்கி போட்டு விடுப்பா"ன்னுட்டான். நெஞ்சுல இருக்கிற எஸ் மட்டும் அழியக் கூடாதாம். எஸ்ஸுன்னா சேலமாம்.

சிவப்பு அங்கிய அறுத்து எடுத்துட்டு, முதுகு ஓட்டைய எம்-சீல் வெச்சு அடைச்சேன். காலரும், மேல் பொத்தான் திறந்த சட்டை ஓரமும் அதுலயே, விரல்ல தண்ணி தொட்டுத் தொட்டு இழுத்தேன். அது நல்லாவே வந்திருக்கு. அக்ரிலிக் மஞ்சள், பிரவுன், கொஞ்சம் வெள்ளை. என் பழைய சட்டையப் பக்கத்துல விரிச்சு வெச்சு நாலு தரம் கலந்தேன். கடையில தொங்குற புதுக் காக்கி இல்லங்க, துவைச்சுத் துவைச்சு வெளுத்த காக்கி. அந்த நிறம் கிடைச்சிருச்சு.

ஆனா கைய மடக்கினா தோள்லயும் முழங்கையிலயும் உரிஞ்சு நீலம் தெரியுது. அப்புறம், ஏற்காட்டுல நைட் ஹால்ட் முடிஞ்சு காலையில 6 மணிக்கு வண்டி பக்கத்துல வெச்சு மேட் வார்னிஷ் ஸ்பிரே அடிச்சேன். நல்ல பனி. விபூதி பூசின மாதிரி வெளுத்துப் போச்சு. பிறந்த நாளுக்கு 9 நாள்தான் இருக்கு. வழி சொல்லுங்க.

கொலுசுப் பட்டறை, செவ்வாய்ப்பேட்டை:
பெயிண்டுக்கு அங்க இடமே இல்லண்ணே, அதான் உரியுது. ரெண்டு பிளாஸ்டிக்கும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உரசுது. கொதிச்ச தண்ணிய இறக்கி வெச்சுத் தோளை ஒரு நிமிஷம் முக்குங்க, இளகினதும் கை கழன்டு வரும். உள்பக்கம் ஊசி அரத்தால லேசா ராவுங்க. முழங்கை ஆணி மூட்டு, அதைக் கழட்டாதீங்க, உப்புத்தாள் துண்ட நடுவுல விட்டுத் தேய்ங்க. அப்புறம் தண்ணியா இளக்கின காக்கி மூணு கை, ஒவ்வொண்ணும் நல்லாக் காஞ்சப்புறம். ஒரு நாள் முழுக்க மடக்கவே கூடாது.

அம்மாபேட்டை தையல்:
காக்கித் துணியிலயே தெச்சுப் போட்டுடலாம்னு தோணும். வேணாங்க. 6 அங்குல பொம்மைன்னா ஆளுல பன்னெண்டுல ஒரு பங்கு. அரை மில்லிமீட்டர் துணிய அவனுக்குப் போட்டா, நமக்கு 6 மில்லிமீட்டர் சாக்கு போட்ட கணக்கு. மடிப்பே விழாது. நான் ஒரு பொம்மைக்குத் தெச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். பெயிண்ட்தான் சரி.

லாரி பெயிண்டர், சங்ககிரி:
மழை நாள்ல எங்க பட்டறையிலயும் இதே கதைதான். ஸ்பிரேல இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது மேல்பரப்பு சில்லுனு ஆயிரும், காத்துல இருக்கிற ஈரம் அங்க படிஞ்சு உள்ள மாட்டிக்கும். அதான் அந்த வெளுப்பு. சுரண்டாதீங்க. சேலத்துல மத்தியானம் 2 மணிக்கு, காஞ்ச காத்துல, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கிட்டு ஒரு அடி தள்ளி நின்னு, அதே வார்னிஷ மெல்லிசா ஒரு கை அடிங்க. புதுக் கரைப்பான் பழைய பூச்ச இளக்கும், ஈரம் வெளிய போகும். பெரும்பாலும் தெளிஞ்சிரும். மூட்டு வேலைய முதல்ல முடிச்சுட்டு அடிங்க.

மலைப்பாதை டிரைவர்:
மூணு பேருக்கும் ரொம்ப நன்றிங்க. மொட்டை மாடியில ரெண்டு மணி வெயில்ல அடிச்சேன், கண்ணு முன்னாடியே காக்கி திரும்பி வந்துச்சு. காலர் இடுக்குல மட்டும் கொஞ்சம் வெளுப்பு நிக்குது. தோள் உரியவே இல்ல. ரெண்டு கையும் ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி வளைச்சாச்சு. பட்டறைத் தம்பி, சட்டைப் பைக்கு மேல பேட்ஜ் வைக்கணும். வெள்ளித் தகட்டுல வெட்டி விழுந்த துண்டு அரிசி அளவுக்கு இருந்தாப் போதும். திங்கக்கிழமை எனக்கு ஓய்வு, காசு குடுத்து வாங்கிக்கிறேன். எத்தனை மணிக்கு வரட்டும்?