கச்சான் காற்றும் என் சைக்கிளும்: வழி சொல்லுங்கள்

மண்டபத்திலிருந்து பாம்பனுக்கு ஓராண்டாகச் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தேன். வைகாசியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் எழுந்ததும் எல்லாம் கெட்டது. காலையில் முதுகைத் தள்ளிவிடும் அதே காற்று, மாலையில் கடல்மேல் போகும் பாம்பன் பாலத்தில் எதிரே நிற்கிறது. இரண்டே கால் கிலோமீட்டருக்கு மேல். ஒதுங்க ஒரு மரம் உண்டா? ஒருநாள் மீன் லாரி உரசாத குறையாகக் கடந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றுவிட்டேன். மறுநாள் பஸ் ஏறியவன்தான்.

சைக்கிள் சங்கிலி உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டது. நேற்று மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கரகரவென்று பெடல் ஒரு சுற்று சுற்றியதும் பழைய ஆசை வந்துவிட்டது.

கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: துருவுக்கு எந்த எண்ணெய் தாங்கும்? காற்று மிஞ்சினால் பாலத்தில் உருட்டிக்கொண்டு நடப்பதா? விட்ட பழக்கத்தை வாரம் எத்தனை நாளாகத் தொடங்கினீர்கள்? வாடைக்காலம் வரட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். வாடையில் காலையிலேயே எதிர்காற்று!