பையில் ஒரு சாக்ஸ், வீட்டில் ஒரு சால்வை: பின்னும்போது சந்தித்தவர்கள்

கோயம்புத்தூரிலிருந்து

வெளியே கிளம்பும்போது பையில் ஊசியும் நூலும் எடுத்துப் போகிறவர்கள், அந்தப் பின்னலால் உங்களுக்குக் கிடைத்த ஒரு சந்திப்பையாவது இங்கே எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

என் ஊசிகளில் இப்போது இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, அம்மாவுக்கு ஒரு ஜோடி சாக்ஸ். அம்மா கோத்தகிரியில் இருக்கிறார். மார்கழியில் அங்கே விடியற்காலையில் தரையில் கால் வைக்க முடியாது. கடையில் வாங்கும் சாக்ஸ் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே இறுக்கிப் பிடித்துச் சிவப்பாகத் தடம் விழுகிறது. சர்க்கரை இருக்கிறவர் காலில் அப்படித் தடம் விழுந்தால் மனசு கேட்குமா? அதனால்தான் சாக்ஸ் பின்னவே கற்றுக்கொண்டேன்.

அம்மாவின் பாதச் சுற்றளவு 9 அங்குலம். என் கைக்கு ஓர் அங்குலத்துக்கு 8 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் வளையம், வருகிறது. அப்படியானால் 72 கண்ணி போட வேண்டும் என்று தோன்றும். ஆனால் சாக்ஸ் காலைவிடப் பத்தில் ஒரு பங்கு சிறியதாக இருந்தால்தான் சுருண்டு இறங்காமல் நிற்கும். அதனால் 64 கண்ணி, 2.25 மில்லிமீட்டர் ஊசி. மேல் விளிம்பு இறுக்காமல் இருக்க, இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதன் மேல் முதல் வரிசைக் கண்ணிகளைப் போட்டேன். அம்மாவுக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி.

இன்னொன்று சால்வை. தங்கைக்கு ஐப்பசியில் பிரசவம், குழந்தையைச் சுற்ற வட்டமான சால்வை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பேருந்து ஏறினேன். ஜன்னல் சீட்டு. சாக்ஸில் குதிகாலின் பின்புறத்தை மூடும் மடல் முடிந்து, இரண்டு ஓரங்களிலும் பக்கத்துக்குப் பதினாறு கண்ணி எடுத்துக்கொண்டிருந்தேன். சாக்ஸ் பின்னுகிறவர்களுக்குத் தெரியும், அந்த மூலையில் எப்போதும் ஓர் ஓட்டை விழும். மடலும் பாதத்தின் மேல்பக்கமும் சேரும் இடம். எவ்வளவு இழுத்துப் பின்னினாலும் ஒரு மிளகு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். நான் அதைப் பின்னால் ஊசி நூலால் தைத்து மூடிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு பாட்டி. குஞ்சப்பனை தாண்டுகிற வரைக்கும் ஒன்றும் பேசவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "கொடும்மா" என்று கையை நீட்டினார். பேச்சே இல்லை, கொடுத்துவிட்டேன். ஒரு ஊசியின் அடிப்பக்கத்தை அக்குளில் இடுக்கப் பார்த்தார். சாக்ஸ் ஊசி அத்தனை நீளம் இல்லையே, இடுக்க வரவில்லை. சின்னதாகச் சிரித்துவிட்டு விரலால் பிடித்துக்கொண்டார். மூலைக்கு வந்ததும் பதினாறோடு நிறுத்தாமல், அந்த ஓட்டைக்குக் கீழே இருக்கிற குறுக்கு நூலில் ஊசியை விட்டுப் பதினேழாவதாக ஒன்றை எடுத்தார். "அடுத்த சுத்துல இதையும் பக்கத்துக் கண்ணியையும் சேர்த்துப் போட்டுடு. மூடிக்கும்." அவ்வளவுதான். எத்தனையோ ஜோடிகளில் ஊசி நூல் வைத்து நான் ஒட்டுப்போட்ட விஷயம்!

பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி ஒருவர் சொல்லிக் கொடுத்தாராம். கல்யாணத்துக்கு அப்புறம் குழந்தைகள் ஸ்வெட்டர் ஆர்டருக்குப் பின்னியிருக்கிறார். நூலை அவுன்ஸ் கணக்கில் எடை போட்டுக் கொடுப்பார்களாம், முடித்த ஸ்வெட்டரையும் எடை போட்டுத்தான் வாங்குவார்களாம். விரல் மூட்டெல்லாம் வீங்கிய பிறகு விட்டுவிட்டாராம். "பத்து வருசம் ஆச்சு, ஊசி தொட்டு." சொல்லிக்கொண்டே இரண்டு சுற்று பின்னினார். விரல் மெதுவாகத்தான் போயிற்று, ஆனால் ஒரு கண்ணி தவறவில்லை. அரவேனுவில் இறங்கினார். பெயர் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் வருத்தம்.

அந்த இரண்டு சுற்றும் என் கையைவிட இறுக்கமானவை. தடவினால் தெரியும். பிரித்துப் பின்னலாமா என்று அன்று ராத்திரி ஊசியைக் கையில் எடுத்தேன், மனசு வரவில்லை. அம்மாவிடம் காட்டினேன். "அப்படியே இருக்கட்டும்" என்றார்.

சரி, சால்வைக்கு வருகிறேன். இது எலிசபெத் ஸிம்மர்மன் சொல்லிவைத்த முறை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். பெயரே பை சால்வை, கணக்கில் வரும் பை. நடுவில் 9 கண்ணியில் தொடங்க வேண்டும். ஒரு சுற்று சும்மா பின்னிவிட்டு 18 ஆக்க வேண்டும். பிறகு 3 சுற்று, 36. பிறகு 6 சுற்று, 72. 12 சுற்று, 144. 24 சுற்று, 288. 48 சுற்று, 576. வேறு எங்கேயும் கண்ணி கூட்ட வேண்டாம்.

சால்வையை நான் வெளியே எடுத்துப் போவதில்லை. இது கையளவு இருந்தபோது ஒரே ஒரு தடவை, அப்பாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது எடுத்துப் போனேன். எதிர் நாற்காலியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எல்லாமே மங்கல். என்னம்மா பின்னுகிறாய் என்று கேட்டார். "பை சால்வை சார்." "பையா? எந்தப் பை, கடைக்குப் போற பையா?" விளக்கினேன். எண்களைச் சொல்லு என்றார். ஒவ்வொன்றாகச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு விரலால் நாற்காலிக் கையில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். 144 வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு, மீதியை அவரே சொன்னார்.

"நடுவிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் சுற்றளவும் இரண்டு மடங்காகும். அதனால்தான் தூரம் இரட்டிக்கும்போது கண்ணியையும் இரட்டிக்கிறாய்." அப்புறம் ஒரு சந்தேகம் கேட்டார்: இரட்டித்தவுடன் கண்ணி அதிகமாக இருக்குமே, அடுத்த இரட்டிப்புக்கு முன்னால் குறைவாக இருக்குமே, துணி எப்படித் தட்டையாகப் படியும்? கம்பளி இழுத்தால் வரும் சார், கடைசியில் நனைத்துச் சுற்றிலும் குண்டூசி குத்திக் காயவைத்தால் தானே சமமாகிவிடும் என்றேன். துணியைக் கையில் வாங்கி, நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். 36 ஆன இடத்தையும் 72 ஆன இடத்தையும் பார்க்காமலே சரியாகத் தொட்டுக் காட்டினார். முப்பது வருடம் பசங்களுக்கு இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன், கையில் தொட்டதில்லை என்றார்.

இப்போது உங்கள் முறை.

ரொறன்ரோவிலிருந்து

வணக்கம் அக்கா. அந்தப் பாட்டியின் பதினேழாவது கண்ணியை இன்றைக்கே என் சொக்ஸில் செய்து பார்த்தேன். ஓட்டை இல்லை. நன்றி.

என்னுடைய சந்திப்பு சப்வேயில். சில வருடங்களுக்கு முன், கடும் பனிக்காலம். கென்னடி ஸ்டேஷனில் ஏறினால் வேலைக்குப் போய்ச் சேர முக்கால் மணித்தியாலம், அது முழுக்கப் பின்னலாம். அப்போது எஸ்தோனியாவின் ஹாப்சலு ஊர் முறையில் ஒரு சால்வை பின்னிக்கொண்டிருந்தேன். மெல்லிய நூல், பூ வேலை, நடுவில் சிறு மொட்டுகள். அந்த மொட்டை அவர்கள் நுப் என்பார்கள். ஒரே கண்ணிக்குள் மாறி மாறி ஊசி விட்டு 7 கண்ணி எடுக்க வேண்டும். திரும்பி வரும் வரிசையில் அந்த ஏழையும் சேர்த்து ஒன்றாகப் பர்ல், அதாவது மறுபக்கப் பின்னல், போட வேண்டும். ஏழுக்குள்ளும் ஊசி நுழையவே நுழையாது. எனக்கு அழுகை வராத குறை.

முன்னால் இருந்த ஒரு வயதான அம்மா எழும்பி வந்து பக்கத்தில் இருந்தா. மொட்டைத் தொட்டு, "நுப்" என்றா. எஸ்தோனியர் என்று அப்போதுதான் விளங்கியது. இந்த நகரத்தில் அவர்கள் கனபேர் இருக்கிறார்கள். என் பிழையை உடனேயே கண்டுபிடித்துவிட்டா: ஏழையும் எடுக்கும்போது நூலை இறுக்காதே, விரல் அகலத்துக்குத் தளர்வாக விடு, பார்க்க அசிங்கமாக இருக்கட்டும், அடுத்த வரிசையில் தானே இறுகும். விளிம்பை வேறாகப் பின்னி, கடைசியில் கையால் தைக்க வேண்டும் என்பதையும் அவதான் சொன்னா. மொட்டு கூடினால் நூல் கூடும், எடை பார்த்து விற்ற காலத்தில் மொட்டுக்கு அதனாலும் மதிப்பாம்.

1944இல் சின்னப்பிள்ளையாகத் தாயோடு வள்ளத்தில் சுவீடனுக்குப் போய், பிறகு கனடாவுக்கு வந்தவவாம். தாயின் பொட்டலத்தில் பின்னல் ஊசிகள் இருந்தனவாம். நாங்கள் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு, அம்மம்மா தூக்கிக்கொண்டது தையல் பெட்டியை. அதை அவவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்தபடியே இரண்டு ஸ்டேஷன் வந்தா. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன், பரவாயில்லை.

உதகையிலிருந்து

சாக்ஸுக்கு என்ன நூல் பயன்படுத்துகிறீர்கள் அக்கா? இங்கே கடைகளில் கிடைக்கும் உல்லன் நூலில் ஒரு ஜோடி பின்னினேன், ஒரே மாதத்தில் குதிகால் தேய்ந்துவிட்டது.

பெரிய சந்திப்பு எதுவும் எனக்கு இல்லை. சாண்டிநல்லா பக்கம் போனபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசினேன். அங்கே அரசு செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி இன ஆட்டோடு மெரினோ, ராம்பூயே என்ற வெளிநாட்டு ஆட்டு இனங்களையும் கலந்து சாண்டினோ என்று ஓர் இனத்தை அங்கேதான் உருவாக்கினார்கள். கீழே இருக்கிற மேச்சேரி ஆட்டுக்கும் சென்னைச் சிவப்புக்கும் உடம்பில் இருப்பது வெறும் முடி, நூற்க உதவாது. நீலகிரி ஆட்டுக்கு நல்ல மெல்லிய கம்பளி. என் பின்னலை அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஆட்டு வாசமே இல்லையே" என்றார். அக்ரிலிக், செயற்கை நூல்! அன்றைக்கே நல்ல கம்பளி தேட வேண்டும் என்று முடிவு செய்தேன், அதனால்தான் இந்தக் கேள்வி.

சென்னையிலிருந்து

நான் ஆண், இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறேன், போகிற வழியில் பின்னுகிறேன். இந்த வெயிலில் கம்பளியா என்று கேட்காதவர்கள் இல்லை. சால்வை ஷிம்லாவில் இருக்கிற அக்காவுக்கு என்று சொன்னால் சமாதானமாகிவிடுவார்கள்.

ராயபுரத்தில் ஒரு பெரியவர் ஏறினார், காசிமேட்டுக்காரர். கை பார்த்தாலே தெரிந்தது, வலை வேலை செய்கிற கை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, முடிச்சு எங்க போடுற?" என்று கேட்டார். முடிச்சே கிடையாது ஐயா, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை. ஊசியில் இருந்து ஒரு கண்ணியைக் கழற்றி லேசாக இழுத்துக் காட்டினேன். நாலு வரிசை ஏணி மாதிரி சரசரவென்று இறங்கியது. அவர் முகம் வாடிவிட்டது, என் துணியைக் கெடுத்துவிட்டோம் என்று! குரோஷே கொக்கியால் ஒவ்வொரு படியாக ஏற்றிக் காட்டிய பிறகுதான் மூச்சு விட்டார்.

வலையில் அப்படி ஓடாதாம். ஒவ்வொரு கண்ணிக்கும் தனித்தனி முடிச்சு, ஓர் இடம் அறுந்தால் அந்த இடம் மட்டும்தான் போகும். பத்து வரிசைக்கு ஒருமுறை நான் ஒரு வெள்ளை நூலை எல்லாக் கண்ணியிலும் கோத்து வைத்திருப்பதைக் காட்டினேன். கீழே எங்கே தப்பு நடந்தாலும் அந்த வரிசை வரைக்கும் பிரித்தால் போதும், காப்பு நூல். அதைப் பார்த்ததும் தலையாட்டினார், "இது சரி" என்றார். வலையில் இருப்பதற்கும் கண்ணி என்றுதான் சொல்கிறார்கள். நான் ஏதோ இங்கிலீஷ் வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன், அன்றிலிருந்து எனக்கும் கண்ணிதான்.

கோயம்புத்தூரிலிருந்து மறுபடியும்

எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டு, அம்மாவுக்கு போனில் வாசித்தும் காட்டினேன். ரொறன்ரோ தங்கை, உங்கள் சந்திப்பை அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

உதகைத் தோழிக்கு: சாக்ஸுக்கு என்றே வருகிற நூல் இருக்கிறது, 75 சதவீதம் கம்பளி, 25 சதவீதம் நைலான். 100 கிராமில் சுமார் 400 மீட்டர் வரும், ஒரு ஜோடிக்குப் போதும். குதிகால் தேயாமல் தாங்குவது அந்த நைலானால்தான். எனக்கு உள்ளூர்க் கடையில் கிடைக்கவில்லை, தபாலில்தான் வாங்குகிறேன். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, வந்தால் முதலில் உருண்டையாகச் சுற்றிவிடுங்கள், அப்படியே பின்னத் தொடங்கினால் சிக்கிவிடும். குதிகால் மடலில் ஒன்றுவிட்டு ஒரு கண்ணியைப் பின்னாமல் அடுத்த ஊசிக்கு மாற்றிப் பாருங்கள். அந்த இடம் இரட்டைக் கனமாக வரும்.

சென்னைத் தம்பி, இந்தக் காப்பு நூல் புத்தி எனக்கு ஏன் இவ்வளவு நாள் வரவில்லை! நேற்று ராத்திரியே 288இல் ஒன்று கோத்தேன். 48 சுற்றில் இது 19ஆவது. 48 சுற்றுக்கும் சேர்த்தால் 13,824 கண்ணி. ஐப்பசிக்குள் முடித்துவிடுவேன்.

சாக்ஸில் இரண்டாவது கால் குதிகாலுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி போகிறேன். போன தடவை ஏறிய அதே நேரத்துப் பேருந்திலேயே ஏறப் போகிறேன். மூலைக் கண்ணி எடுப்பதை மட்டும் செய்யாமல் வைத்திருக்கிறேன்.