டீசல் பிக்கப் மைலேஜ் 12-லிருந்து 10-க்குக் கீழே போய்விட்டது: இன்ஜெக்டரை இறக்குவதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

கேள்வி

வணக்கம். என்னுடையது 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப். டபுள் கேபின், மேனுவல் கியர், சைலன்ஸரில் டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள மாடல். 1,60,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. லிட்டருக்கு 12, 12.5 என்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 9.8-ஐத் தாண்ட மறுக்கிறது. ஒரே நாளில் விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இங்கே வந்து நிற்கிறது.

இன்ஜின் லைட் எரியவில்லை. ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. இழுவையில் குறை சொல்ல முடியாது, கரும்புகையும் இல்லை. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது. இன்ஜெக்டர் கிளீனர் ஊற்றி ஓட்டியும் பார்த்துவிட்டேன். போகிற வழியும் ஏற்றுகிற லோடும் மாறவில்லை. போன சர்வீஸில் டயர் நான்கையும் மாற்றினேன்: 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16, ஆல் டெரெய்ன்.

மெக்கானிக் "நாலு இன்ஜெக்டரையும் இறக்கிப் பார்த்துடலாம்" என்கிறார். இறக்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. அதற்கு முன் நானே பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா?


பதில் 1

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. கடைசியில் இன்டர்கூலர் (டர்போ தரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸில் ஒரு கீறல். பானெட்டைத் திறந்து பார்த்தால் தெரியாது, ஹோஸின் அடிப்பக்கம் இருந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றோடு கொஞ்சம் எண்ணெய் ஆவியும் வரும் என்பதால், கசிகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து கறுப்பாக ஒட்டியிருக்கும். கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது "உஸ்" என்று சத்தம் வந்தால் அதுதான்.


பதில் 2

ஹோஸ் நல்ல யோசனைதான், பார்த்துவிடுங்கள். ஆனால் ஹோஸ் கிழிந்திருந்தால் பெரும்பாலும் இழுவை குறையும், மேட்டில் புகை காட்டும். இவர் இரண்டும் இல்லை என்கிறார்.

நான் டீசல் பட்டறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன். மைலேஜ் புகார் வந்தால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கணக்கைத்தான் பார்ப்பேன். உங்கள் டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய அளவின் விட்டம் சுமார் 774 மில்லிமீட்டர், புதியது சுமார் 804. கிட்டத்தட்ட 4 சதவீதம் பெரிது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்துத்தான் ஓடோமீட்டர் தூரத்தைக் கணக்கிடுகிறது. வண்டி 104 கிலோமீட்டர் ஓடினால் அது 100 என்றுதான் எழுதும். ஆக உங்கள் 9.8 உண்மையில் 10.2. பிரச்சினை தீரவில்லை, ஆனால் இல்லாத ஒன்றைத் தேடுவது அந்த அளவுக்குக் குறையும். இதற்கு மேல், ஆல் டெரெய்ன் டயர் கனம், உருளும்போது எதிர்ப்பும் அதிகம். அதில் போவது திரும்பி வராது, அது நீங்கள் விரும்பி வாங்கியது.

அடுத்து ஒரு கேள்வி. டேங்க் நிரப்பிப் போடும் கணக்கும் டேஷ்போர்டு காட்டும் சராசரியும் எவ்வளவு வித்தியாசப்படுகின்றன? முன்பு எவ்வளவு வித்தியாசம் இருந்தது? இதை ஏன் கேட்கிறேன் என்றால், டேஷ்போர்டு டீசலை அளந்து பார்ப்பதில்லை. இன்ஜெக்டருக்கு "இவ்வளவு அடி" என்று இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) கொடுத்த கட்டளைகளைக் கூட்டித்தான் சொல்கிறது. இன்ஜெக்டர் தேய்ந்து கட்டளையை விட அதிகமாக ஊற்றினாலோ, எங்காவது டீசல் வெளியே கசிந்தாலோ, அது டேஷ்போர்டுக்குத் தெரியாது. பம்ப் கணக்கில்தான் தெரியும். அப்போது இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரியும். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால், இசியு தெரிந்தேதான் அதிகம் ஊற்றுகிறது என்று அர்த்தம். ஏன் ஊற்றுகிறது என்று அதனிடமே கேட்க வேண்டும். தூரம் இரண்டு கணக்குக்கும் ஒரே ஓடோமீட்டரிலிருந்து வருவதால் டயர் பிழை இந்த ஒப்பீட்டைக் கெடுக்காது.

பம்பில் நிரப்பும்போது ஒரே பம்ப், முதல் கிளிக்கில் நிறுத்துங்கள். டீசல் நுரைக்கும், ஒரு தடவை கழுத்துவரை, இன்னொரு தடவை கிளிக்கோடு என்று நிரப்பினால் அந்தக் கணக்கை நம்பவே முடியாது. ஒரே டேங்கை வைத்து முடிவுக்கும் வராதீர்கள்.

அப்புறம் சக்கரம். நல்ல தூரம் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை முடிந்தவரை மிதிக்காமல் உருட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காட்டுங்கள். அது இல்லையென்றால் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே போதும், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கும், இல்லை ஹேண்ட் பிரேக் கேபிள் விடவில்லை. காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி எடுப்பதற்கு முன் பாருங்கள், ஓடிச் சூடான டயரில் அளவு ஏறிக் காட்டும்.

கடைசியாக, இசியு-வில் உள்ள அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள் அல்லது இரவல் கேளுங்கள். போனோடு இணையும் சின்னது போதும், உங்கள் மாடலின் டிபிஎஃப் விவரத்தைப் படிக்கும் செயலி வேண்டும். எனக்கு வேண்டியது: நெடுஞ்சாலையில் சீராகப் போகும்போது கூலன்ட் வெப்பம், டிபிஎஃப்-இல் சேர்ந்த கரியை எரிக்கும் ரீஜெனரேஷன் கடைசியாக நடந்த பிறகு ஓடிய தூரம், சும்மா நிற்கும்போது நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவு (சிலிண்டர்கள் சமமாக ஓட இசியு ஒவ்வொன்றுக்கும் கூட்டிக் குறைக்கும் டீசல்). டேஷ்போர்டு முள் நடுவில் நிற்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுபவர் பதறக் கூடாது என்று, பல வண்டிகளில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள்.


பதில் 3

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக ஒன்று: டார்க் கன்வர்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் வழியாக இணைப்பது) லாக் ஆகிறதா என்று பாருங்கள். சமதளத்தில் ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தினால் ஆர்பிஎம் தனியாக ஏறக் கூடாது. ஏறினால் லாக் ஆகவில்லை, டீசல் கன்வர்டரைச் சூடாக்கத்தான் போகிறது.

பெல்ட்டில் ஓடும் ஃபேன் உள்ள வண்டியில் ஃபேனை வேண்டியபோது மட்டும் வேகமாகச் சுற்றவிடும் விஸ்கஸ் கிளட்ச் இறுகியிருந்தாலும் மைலேஜ் போகும். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரத்தில் ஃபேன் இரைச்சல் அடங்க வேண்டும். வண்டி ஓடும் நேரமெல்லாம் லாரி மாதிரி இரைந்தால் சந்தேகப்படுங்கள்.

கூரையில் கேரியர் இருந்தால் கழற்றிப் பாருங்கள். வேகமும் முக்கியம். 90-ல் போனவர் 110-ல் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.


கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

ஹோஸ் முழுக்கத் தடவிப் பார்த்தேன், பிசுக்கு இல்லை. சக்கரங்கள் நான்கும் ஏறக்குறைய ஒரே சூடு. காற்று சரியாக இருக்கிறது. ஃபேன் இரைச்சல் இல்லை, கேரியரும் இல்லை. டேஷ்போர்டு 10.1 காட்டுகிறது, பம்ப் கணக்கு 9.8. முன்பும் இந்த அளவு வித்தியாசம்தான் இருந்தது.

ஸ்கேனர் ஒன்று நண்பரிடம் கிடைத்தது. இன்ஜெக்டர் திருத்தம் நான்கும் 1-க்குள். கூலன்ட் நெடுஞ்சாலையில் 72 டிகிரி, நீண்ட இறக்கத்தில் 66 வரை போகிறது. முள் நடுவுக்கு மயிரிழை கீழே, அவ்வளவுதான். ரீஜெனரேஷன் தூரத்தைத்தான் நம்ப முடியவில்லை: 100 கிலோமீட்டரைத் தாண்டுவதற்குள் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. சில நேரம் வண்டியை நிறுத்தியதும் ரேடியேட்டர் ஃபேன் வெகு நேரம் ஓடும், ஒரு காந்தல் வாடையும் வரும். டயர் வாடை என்றுதான் நினைத்திருந்தேன்.


பதில் 2 எழுதியவர்

இன்ஜெக்டரை இறக்க வேண்டாம். டேஷ்போர்டும் பம்பும் ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன, திருத்த அளவுகளும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இசியு தெரிந்தே ஊற்றுகிறது. காரணம் அந்த 72 டிகிரி.

இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். உங்களுடையது திறந்தபடியே நின்றுவிட்டது. பொதுவாக இந்த மாதிரி இன்ஜின்களில் அது 80-க்கு மேல்தான் திறக்கத் தொடங்கும். உறுதி செய்துகொள்ள, காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். இன்ஜின் சூடாகும்வரை ஹோஸ் குளிராகவே இருந்து, அப்புறம் சட்டென்று சுட வேண்டும். ஆரம்பத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பானால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. இதற்கு பி0128 என்று ஒரு பிழைக் குறியீடு இருக்கிறது. ஆனால் வெப்பம் அரைகுறையாக ஏறிக்கொண்டிருந்தால் அது விழாமலே வண்டி ஓடும். உங்களுக்கு லைட் எரியாதது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

குளிர்ந்த இன்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், உராய்வு கூடும். எரிப்பில் வரும் வெப்பத்தில் அதிகப் பங்கு சிலிண்டர் சுவர் வழியாகக் கூலன்டுக்குப் போகும். இசியு "இன்னும் சூடாகவில்லை" என்ற கணக்கிலேயே டீசல் கொடுக்கும். இதில் போவது ஒரு பங்குதான். பெரிய பங்கு டிபிஎஃப்-இல் போகிறது.

டிபிஎஃப்-இல் சேரும் கரியை எரிக்க வெளியேறும் வாயு 600 டிகிரி அளவுக்குச் சூடாக வேண்டும். அதற்காக இசியு வெடிப்பு முடிந்த பிறகும் கொஞ்சம் டீசல் அடிக்கிறது. அந்த டீசல் வண்டியைத் தள்ளாது. சைலன்ஸர் பக்கம் உள்ள கேட்டலிஸ்டில் எரிந்து சூட்டை மட்டும் தரும். சரியான இன்ஜினில் இது சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நடக்கும், சீக்கிரம் முடியும். உங்கள் இன்ஜின் 72-ல் கிடக்கிறது. கரி அதிகம் உண்டாகிறது, எரிப்பது ஈர விறகை ஊதுவது போல இழுக்கிறது, பாதியில் நீங்கள் சாவியை அணைக்கிறீர்கள், மறுபடி முதலிலிருந்து. அந்தக் காந்தல் வாடையும் ஃபேனும் பாதியில் நின்ற ரீஜெனரேஷன்தான்.

தெர்மோஸ்டாட்டும் அதன் கேஸ்கெட்டும் மாற்றுங்கள், கூலன்டையும் புதிதாக ஊற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றச் சொல்லுங்கள். குறிப்பிட்ட வெப்ப அளவுள்ள தெர்மோஸ்டாட்டே வேண்டும். "குளிர்ச்சியாக ஓடினால் இன்ஜினுக்கு நல்லது" என்று குறைந்த டிகிரியில் ஒன்றைப் போடுபவர்கள் உண்டு, டீசலில் அது தவறு.

மாற்றிய பிறகும் ரீஜெனரேஷன் இடைவெளி நீளவில்லையென்றால் டிபிஎஃப் அழுத்த சென்சாரின் இரண்டு சின்னக் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் இஜிஆர் வால்வு (வெளியேறும் வாயுவில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்கு அனுப்புவது). இன்ஜெக்டர் அதற்கும் பிறகுதான்.


கேள்வி கேட்டவர்

மேல் ஹோஸ் நீங்கள் சொன்னபடியே ஆரம்பத்திலிருந்து வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. கழற்றிப் பார்த்ததில் தெர்மோஸ்டாட் மூடாமல் சின்ன இடைவெளியோடு நிற்கிறது. புதிது போட்டதும் கூலன்ட் 86, 88-ல் அசையாமல் நிற்கிறது. ரீஜெனரேஷன் ஒருமுறை முழுதாக முடிந்தது, இப்போது 300 தாண்டியும் மறுபடி தொடங்கவில்லை. டயர் பிழையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மைலேஜ் 11.6.

இரண்டு சந்தேகம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, யாரும் ஊற்றவில்லை. ஆயில் மாற்ற இன்னும் தூரம் இருக்கிறது, அப்படியே ஓட்டலாமா? இன்னொருவர் டிபிஎஃப்-ஐயே கழற்றி எறிந்துவிட்டு இசியு புரோகிராமை மாற்றினால் 13 வரும் என்கிறார்.


பதில் 2 எழுதியவர்

ஆயில் ஏறியதும் அதே கதைதான். ரீஜெனரேஷனுக்காகத் தாமதமாக அடித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு, வழிந்து ஆயிலில் கலந்திருக்கிறது. முகர்ந்தாலே டீசல் வாடை வரும். தூரம் பார்க்காமல் ஆயிலையும் ஃபில்டரையும் இப்போதே மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய் பேரிங்கையும் டர்போவையும் தின்னும், அளவு இன்னும் ஏறினால் இன்ஜின் அதையே எரிபொருளாக இழுத்துக் கட்டுப்பாடில்லாமல் ஓடவும் வாய்ப்பு உண்டு. டிபிஎஃப் வண்டிக்கான குறைந்த சாம்பல் ஆயிலையே ஊற்றுங்கள். கையேட்டில் ஏசிஇஏ சி3 மாதிரி ஒரு குறியீடு போட்டிருப்பார்கள். கரியை எரித்துவிடலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, டிபிஎஃப்-இலேயே தங்கிவிடும்.

டிபிஎஃப்-ஐக் கழற்றுவது பல நாடுகளில் சட்டவிரோதம், புகைச் சோதனையிலும் மாட்டும். அவர் சொல்லும் 13 வந்தாலும் நான் செய்யமாட்டேன், ஏனென்றால் உங்கள் டிபிஎஃப் கெட்டுப்போகவே இல்லை.

11.6-க்கும் 12.5-க்கும் நடுவில் மிச்சம் இருப்பதில் பெரும்பங்கு அந்த ஆல் டெரெய்ன் டயராகத்தான் இருக்கும். புது டயர் போட்டபோது அலைன்மென்ட் பார்த்தார்களா? பார்க்கவில்லையென்றால் டோ (சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிபார்த்துவிடுங்கள். ஆயில் மாற்றிய பிறகு வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், மறுபடி ஏறினால் இங்கே எழுதுங்கள்.